வாவிக்கரையில் ஆற்றுப்படுத்தல்

‘ஆற்றுதல்’ என்னும் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. கொதிக்கும் பாலின் வெம்மையைத் தணித்தலும் ஆற்றுதலே. புண்ணைக் குணமாக்கலும் ஆற்றுதலே. துயருற்றாரைத் தேற்றுதலும் ஆற்றுதலே. இதனோடு ஒலியால் ஒத்து, வேறு வழிப் பிறந்தது ‘ஆற்றுப்படுத்தல்’. ஆறு என்பது வழி. வழியறியாதாரை வழியிற் செலுத்துதல் அதன் பொருள். பத்துப்பாட்டுள் மலைபடுகடாத்தையும் சேர்த்து ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள் என்பதை மாணவர் அறிவர். அவற்றுள் இரண்டு செய்திகள் ஈண்டுக் கருதற்பாலன. முதலாவது, வள்ளல்பால் ஆற்றுப்படுத்துவோன் நேற்றுவரை தானும் பசியால் வாடியவனே. முருகனிடம் ஆற்றுப்படுத்துவது வேறு வகை, அதனை விட்டுவிடலாம். இரண்டாவது, ஆற்றுப்படுத்தப்படும் பாணனும் கூத்தனும் பெரும்பாலும் தனியே செல்வதில்லை; சுற்றத்தோடே செல்கின்றனர்.

இடருறும் இளையோர்க்கு மனத்துணையாய் நிற்கும் பணியை இன்று இலங்கையிற் சிலர் உளவளத்துணை என்பர். சிலர் சீர்மியம் என்பர். ஆற்றுப்படுத்தல் என்பாரும் உளர். பெயர் எதுவாயினும், அப்பணி மேனாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியான சரக்கு என்று கருதுவோர் நம்மிடையே பலர். மட்டக்களப்பு வாவியின் இருகரை வரலாற்றையும் நோக்குவார்க்கு அக்கருத்து நில்லாது. இங்கு வேரூன்றிய துணை முறைகள் யாவும் பிள்ளையை வீட்டாரோடு சேர்த்தே நோக்கியவை; வீட்டுக்கு வெளியே நின்று செவிகொடுக்கும் ஒருவரை உடையவை. இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டவை நெடுநாள் நிலைத்தில.

வாவிக்குக் கிழக்கே கடலோரமாய் நீண்டு கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிவது படுவான்கரை. இருகரையிலும் பழைய சமூக அமைப்பின் அடிப்படை குடி. குடி தாய்வழியே வருவது. மணமுடித்த ஆடவன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வான். வீடு மகளுக்குச் சீதனமாகும். ஆகவே சகோதரிகளின் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்தோ அமையும். அம்மம்மா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பாள். தாயோடு பிணங்கிய பிள்ளை பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கி மனமாறித் திரும்புவதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. 1980கள் முதலாகத் தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ச் சென்றபோது, அவர்தம் பிள்ளைகள் முற்றும் கைவிடப்படாமற் காத்ததில் இவ்வமைப்புக்குப் பெரும் பங்குண்டு.

எனினும் உறவின் ஆறுதலுக்கு ஓர் எல்லை உண்டு. மைத்துனனை மணக்க விரும்பாத பதினாறு வயதுப் பெண் யாரிடம் முறையிடுவாள்? தாய்மாமனே வழக்காளி, தாய்மாமனே நடுவன். வளவுக்குள் எழுந்த துயரை வளவுக்குள்ளேயே ஆற்ற இயலாதபோது மக்கள் நாடிய இடம் அம்மன் கோயில்.

வைகாசித் திங்களிற் கண்ணகையம்மன் கோயில்களிற் குளிர்த்திச் சடங்கு நிகழும். மதுரையை எரித்த மங்கையின் சினவெம்மையைத் தணித்துக் குளிர்விப்பதே அதன் கருத்து. அநீதியால் வெந்த ஓர் உள்ளத்தை ஊரே திரண்டு நின்று குளிரச் செய்யும் இவ்வழிபாட்டை வேறு எவ்விதம் விளங்கிக்கொள்வது? கண்ணகை வழிபாட்டைச் சார்ந்த கொம்பு விளையாட்டோ, ஊரை வடசேரி தென்சேரி எனப் பகுத்து, இளைஞரின் மிடுக்குக்கும் பகைக்கும் முறையான ஒரு வடிகால் வகுத்தது. காளி கோயில்களில் வாக்குச் சொல்லும் வழக்கும் உண்டு. உருவேறியவர் முன் குடும்பத்தார் நின்று குறைகூற, அவர் விடை பகர்வார். குறையுடையோன் மட்டும் வருவதில்லை. தாயும் சகோதரியும் உடன் வருவர். வாக்கு எல்லார் செவியிலும் விழும்.

இதனைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என ஒதுக்குவார்க்கு ஒரு செய்தி. 1990களிற் பத்திரீசியா லோறன்சு என்னும் அமெரிக்க மானிடவியலாளர் இப்பகுதியில் தங்கி, புன்னைச்சோலைக் காளி கோயில் முதலியவற்றில் இவ்வழக்கை ஆராய்ந்தார். மகன் காணாமற்போனதை வாய்விட்டுக் கூறவும் அஞ்சி ஊர் முழுதும் மௌனமாயிருந்த அக்காலத்தில், தாய்மார் அழுது கேட்கத்தக்க இடமாய் அம்மன் முன்றில் இருந்தது என்பது அவர் ஆய்வு காட்டும் உண்மை. வாக்கு மெய்யாயிற்றா என்பது வேறு வினா. கேட்பாரற்றிருந்த துயரைக் கேட்க ஒருவர் இருந்தார் என்பதே வரலாற்றுக்கு வேண்டுவது.

கல்விக்கூடம் இப்பணியிற் புகுந்த வரலாற்றைக் கூறுமிடத்து, காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளாரை (1892 – 1947) முதலிற் கூறல் வேண்டும். கல்லடி உப்போடையில் 1929இற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லம் ஏழைப் பிள்ளைகளையும் பெற்றோரை இழந்தோரையும் ஏற்று உணவும் உறைவிடமும் கல்வியும் ஈந்தது. அடிகளாரை யாழ்நூலின் ஆசிரியராகவும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராகவும் போற்றும் நாம், திக்கற்ற சிறுவர்க்கு வீடமைத்தவராக அத்துணை எண்ணுவதில்லை. இல்லத்தின் இரகசியம் எளியது. பகலிற் பாடம் சொல்வோர் இரவிலும் அங்கேயே இருந்தனர். இரவில் உறங்காது விழித்திருக்கும் பிள்ளை யார் என்பதை அறிய அவர்க்கு வினாக்கொத்து வேண்டியதில்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபின் கல்வி பரவியது; அது நன்றே. ஆனால் பிள்ளையோடு வாழும் ஆசிரியர் என்னும் இனம் அருகிற்று.

இதே நூற்றாண்டில் மேனாட்டிலும் இத்துறை தனியே வளர்ந்தது. குமரப் பருவம் தனி ஆய்வுக்குரியது என இசுட்டான்லி ஹோல் 1904இற் பெருநூல் எழுதினார். தொழில் தேடும் இளைஞர்க்கு வழிகாட்ட பிராங்கு பாசன்சு 1908இற் பொசுற்றன் நகரில் ஒரு நிலையம் நிறுவினார். உயிரை மாய்க்க எண்ணுவோர்க்குச் செவிகொடுக்கும் தொண்டினை 1953இல் இலண்டனிற் சாட் வாரா என்னும் பாதிரியார் தொடங்க, அந்நெறியிற் கொழும்பில் 1974இற் சுமித்திரயோ பிறந்தது. அதன் தேவை பெரிது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் அஃது ஒன்று. நச்சுமிக்க பயிர்நாசினிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்த பின்னர், பத்தே ஆண்டுகளில் அவ்விகிதம் பாதியளவாயிற்று. இதிலிருந்து பெறப்படுவது யாது? மாண்ட இளையோர் பலர் சாவை நெடிது விரும்பியவரல்லர். ஒரு நாழிகைச் சினத்திற்கும் நாணத்திற்கும் இரையானவர். அந்நாழிகையைக் கடக்கத் துணை இருந்திருப்பின் வாழ்ந்திருப்பர். வயல்சூழ் படுவான்கரையில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

போர்க்காலத்திற்கு வருவோம். 1990 யூனில் மீண்டும் மூண்ட போர் இம்மாவட்டத்தின் தமிழ், முசிலிம் ஊர்கள் பலவற்றைச் சிதைத்தது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்த படுகொலைகள் அவ்வாண்டினவே. தேற்றுவோரையும் அப்போர் விட்டுவைக்கவில்லை. புனித மிக்கேல் கல்லூரி மாணவரைக் கூடைப்பந்தாட்டத்திற் பயிற்றிப் புகழ்பெற்ற அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார், 1990 ஓகத்து 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற்போனார். உடன்சென்ற இளைஞரும் மீளவில்லை.

அச்சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளார் உளவளத்துணையை முறைப்படி பயின்றவர். அவரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து, 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் திறந்தனர். தமிழ்ச் சிறுவரும் முசிலிம் சிறுவரும் ஊர்களிலிருந்து பேருந்தில் அழைத்துவரப்பட்டனர். களிமண் பிசைதல், ஓவியம், கதை, நாடகம், செடி வளர்த்தல் என்பனவே அங்கு மருந்து. ‘உனக்கு நேர்ந்தது யாது?’ என்று எவரும் வினவி வற்புறுத்தவில்லை. பிள்ளை தானே கதையாய்ச் சொல்லும்வரை காத்திருந்தனர். உடனிருந்து வழிநடத்தியோரிற் பலர் அதே போரின் கொடுமையை அனுபவித்த இம்மண்ணின் இளைஞர். ஆற்றுப்படையின் முதற் செய்தியை இங்கு மீண்டும் காண்கின்றோம்.

2004ஆம் ஆண்டு இரு பேரிடர்களைக் கொணர்ந்தது. சித்திரையில் விடுதலைப் புலிகள் இயக்கம் கிழக்கிற் பிளவுண்டு வெருகலிற் போரிட்டபின், படையிற் சேர்க்கப்பட்டிருந்த சிறுவர் பெருந்தொகையினர் வீடு திரும்பினர். வீடு திரும்பிய மகனைக் கண்டு மகிழவும் அஞ்சிய பெற்றோர் நிலையை என்னென்பது! மீளவும் கொண்டுபோவாரோ என்னும் அச்சம் ஒருபுறம். பிள்ளை முன்போல் இல்லையே என்னும் திகைப்பு ஒருபுறம். இத்தகைய இல்லத்திற் பிள்ளைக்கு மட்டும் துணை வழங்கிப் பெற்றோரை வெளியே நிறுத்துதல் எவ்வாற்றானும் பயன்படாது. அவ்வாண்டு மார்கழி 26இல் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி, டச்பார் முதலிய கரையோரங்களை அழித்தது.

அலைக்குப்பின் உதவ வந்தோர் பலர். சில கிழமை தங்கி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு பிள்ளைகளைப் பேசவைத்துத் திரும்பியோரும் அவருள் இருந்தனர். நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. ஆயினும் புண்ணைத் திறந்துவிட்டு மருத்துவன் ஊர்மாறிச் செல்வது முறையன்று. இவ்வாரவாரத்தை ஒழுங்குபடுத்த மட்டக்களப்பிற் கண்டல் மரத்தின் பெயர் தாங்கிய இணைப்பு நிலையமொன்று எழுந்தது. அதில் முன்னின்ற ஆனந்த கலப்பத்தி 2008இல் மகசேசே விருது பெற்றார். வாவியோரக் கண்டல் வேர்கள் அலையின் வேகத்தை உடைப்பன. பெயர் தேர்ந்தவர் இவ்விடத்தை அறிந்தவர்! ஈராயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மட்டக்களப்பு வைத்தியசாலையிற் பணியாற்றிய மனநல மருத்துவர் மகேசன் கணேசன், சிகிச்சையை வாட்டுக்குள் அடைத்துவைக்காது ஊர்களுக்குக் கொண்டுசென்றதும் இவ்வரிசையிற் சேர்க்கத்தக்கது.

பாடசாலை மட்டும் இன்னும் தடுமாறுகின்றது. 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடற்றண்டனையை விலக்கிற்று. வழிகாட்டலுக்கும் ஆலோசனைக்கும் ஆசிரியர் குறிக்கப்படுகின்றனர். ஆனால் அவ்வாசிரியரே பலவிடங்களிற் பாடமும் நடத்துகின்றார், ஒழுக்கக் குழுவிலும் அமர்கின்றார். காலையிற் பெயர் பதிந்து கண்டித்தவரிடம் மாலையிற் பிள்ளை மனந்திறக்குமா? தாய்மாமனுக்கு நேர்ந்த அதே இக்கட்டு இது. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்திற் பெற்றோரைப் பாடசாலைக்கு அழைப்பது பெரும்பாலும் குற்றம் கூறவே. அவர்தம் ஏமாற்றத்தைக் கேட்கவும் ஒருவர் வேண்டும் என்பதை நாம் நினைப்பதில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் உளர். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. சிவானந்த வித்தியாலயம் எழுந்த ஆண்டும் இவ்விலக்கமும் ஒன்றாயமைந்தது தற்செயலே. மாணவர் மறவாதிருக்க உதவும்.

வாவியைக் கடப்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. கல்லடிப் பாலம் 1924 முதல் எழுவான்கரையை நகரோடு இணைத்தது. மண்முனைத் துறையிலோ 2014இற் பாலம் திறக்கும்வரை படுவான்கரை மக்கள் பாதையிலேறியே வாவியைக் கடந்தனர். மனநோய் என்று பெயர்பெற அஞ்சும் ஒரு குடும்பம், ஊரார் அனைவரும் நிற்கும் பாதையில், மகளையும் அழைத்துக்கொண்டு, எங்கே போகின்றீர் என்ற வினாவுக்கு விடை தேடியவாறு அக்கரை சேர வேண்டியிருந்தது. இன்று அவர்கள் பாலத்தைச் சில நிமிடங்களிற் கடக்கின்றனர், எவரும் வினவுவதில்லை.