மூலநிலை மாறாத மின்கித்தார்

பழைய மின்கித்தார் ஒன்று விற்பனைக்கு வரும்போது, 'மூலநிலை மாறாதது' என்னும் தொடரே அதன் விலையைத் தீர்மானிக்கிறது. நாதம் எத்தகையது என்னும் வினா அதற்குப் பின்னரே எழுகிறது. இத்தொடர் எவ்வாறு இத்துணை வலிமை பெற்றது என்பதை ஒரு கருவியின் வரலாற்றைக் கொண்டு காண்போம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த 'லெஸ் பால் ஸ்டாண்டர்ட்' என்பதே அக்கருவி.

லெஸ் பால் (1915–2009) புகழ்பெற்ற கித்தார்க் கலைஞர். அவர் பெயர் தாங்கிய கருவி 1952இல் பொன்வண்ணத்தில் வெளிவந்தது. மகோகனி உடலின்மேல் மேப்பிள் பலகை பொருத்தப்பெற்றது. கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் காந்தச் சுருளைப் 'பிக்கப்' என்பர். இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பைச் சேத் லவர் என்னும் பொறியாளர் 1955இல் வகுத்தார்; 1957இல் அது இக்கருவியில் இடம்பெற்றது. காப்புரிமை அப்போது கிட்டியிருக்கவில்லை. ஆகவே 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்னும் சிறு சீட்டு அதன் அடியில் ஒட்டப்பெற்றது. இன்று அச்சீட்டைக் கல்வெட்டைப் போற்றுவது போல் போற்றுகின்றனர். போலிச் சீட்டு அச்சிடுவோரும் உளர்!

1958இல் பொன்வண்ணம் நீங்கிச் செம்மையும் மஞ்சளும் குழைந்த மாலைக் கதிரவனின் வண்ணம் வந்தது. விலை 300 டாலருக்கும் குறைவு. ஆயினும் கொள்வார் மிகுதியாக இல்லை. மூன்றாண்டுகளில் செய்யப்பெற்றவை 2000ஐ எட்டவில்லை. 1961இல் நிறுவனம் அவ்வடிவத்தையே மாற்றிவிட்டது. பின்னர் 1966இல் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் குழுவோடு வெளியிட்ட இசைத்தட்டில் இக்கருவியை வாசித்தார். அந்த நாதத்தைத் தேடி இளைஞர்கள் அடகுக் கடைகளிலும் பழைய கடைகளிலும் அலைந்தனர். 1968இல் நிறுவனம் பழைய வடிவை மீண்டும் செய்யத் தொடங்கியது.

வாங்கியவர்கள் அதனைத் தொல்பொருளாகக் கருதவில்லை, தொழிற்கருவியாகவே கருதினர். ஒலி இன்னும் தெளிவாகும் என்று பிக்கப்பின் உலோக மூடியைக் கழற்றி எறிந்தனர். தொடக்கத்தில் இருந்த பிருடைகளின் பிளாஸ்டிக் தலைகள் நாளடைவில் சுருங்கிப் பொடிந்தமையால் உறுதியான வேறு பிருடைகளைப் பொருத்தினர். தேய்ந்த மெட்டுகளை மாற்றினர். கீறல் விழுந்த உடலுக்குப் புதிய வண்ணம் பூசினர். வாசிப்பவன் செய்யத்தக்கவையே இவை அனைத்தும். ஆனால் இவை ஒவ்வொன்றும் இன்று விலையைக் குறைக்கும் குற்றங்களாக எண்ணப்படுகின்றன.

இக்கருவிகளை ஆராய்வோர் செயற்படும் முறை, பாடபேதம் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்குப் புதிதன்று. தலைப்பலகையின் பின்புறத்தில் மையால் பொறித்த எண்ணின் முதல் இலக்கம் ஆண்டைக் காட்டும். 9 எனில் 1959. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பின் முதுகில், அது செய்யப்பெற்ற ஆண்டும் வாரமும் குறியீடாக உள்ளன. புறஊதா விளக்கின் ஒளியில் பழைய மெருகு ஒருவகையாகவும் பிற்காலப் பூச்சு வேறுவகையாகவும் ஒளிரும். ஈயப் பற்றுகள் ஒருமுறையேனும் உருக்கப்பட்டனவா என்றும் நோக்குவர். இடைச்செருகலைக் கண்டறியும் பதிப்பாசிரியரின் ஐயம் அவர்களிடம் உண்டு. ஒரு வேறுபாடும் உண்டு: பதிப்பாசிரியர் நூலைப் படிப்பதற்காக மீட்கிறார், இங்கோ, மீட்கப்பட்ட கருவி பெரும்பாலும் பெட்டிக்குள் திரும்பிவிடுகிறது.

மூலநிலை என்பதே ஐயத்திற்குரியது என்பது என் கருத்து. அக்காலத்துச் சிவப்புச் சாயம் வெயிலில் நிற்காதது. கடைக் கண்ணாடியருகே தொங்கிய கருவிகள் வெளுத்துத் தேன் நிறமும் எலுமிச்சை நிறமும் அடைந்தன. மெருகும் மஞ்சளித்து நுண்ணிய வெடிப்புகள் கொண்டது. தொழிற்சாலையைவிட்டு வெளிவந்த நாளில் எந்தக் கருவியும் இவ்வாறு இருந்ததில்லை. எனினும் இவ்வெளுப்பை அழகெனப் பாராட்டி, மேலும் பொருள் தருவோர் பலர். காலம் செய்த மாற்றத்தை மூலமென ஏற்று, மனிதன் செய்த மாற்றத்தைக் குறையென விலக்கும் இவ்வழக்கிற்குச் சந்தையே இலக்கணம்.

கருவியை முழுமையாகக் காப்பதற்கென எழுந்த அளவுகோல், சிலவற்றைச் சிதைக்கவும் தூண்டியது. அக்காலப் பிக்கப், மூடி, பிருடை ஆகியவை தனித்தனியே பெருவிலை பெற்றமையால், மறுவண்ணம் பூசிய கருவிகளைப் பிரித்து உறுப்புகளாக விற்றனர்.

சட்டத்தின் தடையும் ஒன்றுண்டு. இக்கருவியின் விரற்பலகை பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தால் ஆனது. அம்மரம் 1992இல் அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் முதற்பட்டியலில் சேர்ந்தது. உரிய சான்றிதழின்றிக் கருவி எல்லை கடத்தல் இயலாது. பிற்காலக் கித்தார்களில் அதன் இடத்தைப் பெரிதும் பெற்றது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி. 2017இல் அதுவும் இரண்டாம் பட்டியலில் ஏறியது.

இனி, விதிவிலக்கான ஒரு கருவி. ஃபிளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீனிடம் 1959ஆம் ஆண்டுக் கித்தார் ஒன்று இருந்தது. அதன் பிக்கப்புகளுள் ஒன்றில் காந்தத்தின் முனை மாறியிருந்தது. அதனால் இரு பிக்கப்புகளும் ஒருங்கே ஒலிக்கையில் நாதம் மெலிந்து, மூக்கால் பாடுவது போன்ற ஏக்கம் தோன்றும். விற்பனைச் சீட்டில் பழுதென்று எழுதத்தக்க அதனைத் திருத்த எவரும் துணியவில்லை. கிரீனிடமிருந்து கேரி மூர் அதனைப் பெற்றார். 2006இல் அவர் விற்றார். 2014இல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹேமட் வாங்கினார். அவர் அதனைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் மேடைதோறும் வாசித்து வந்தார்.