வருகைப் பதிவேட்டில் விடுபட்ட பெயர்கள்

2011 செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், எச்.பி. 56 என்னும் மாநிலக் குடியேற்றச் சட்டத்தின் பல பிரிவுகளை நடைமுறைப்படுத்தத் தடையில்லை என்றார். அடுத்த திங்கட்கிழமை லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள் 2,000-க்கும் மேற்பட்டோர் பள்ளிக்கு வரவில்லை.

எந்தப் பிள்ளையையும் வெளியேற்றும்படி அந்தச் சட்டம் சொல்லவில்லை. புதிதாகச் சேரும் மாணவரின் பிறப்பிடத்தையும் பெற்றோரின் குடியேற்ற நிலையையும் பள்ளி விசாரித்துப் பதியவேண்டும் என்றது. வெறும் கணக்கெடுப்புதான் என்றது அரசு. வருகைப் பதிவேட்டை நாள்தோறும் கையில் எடுக்கும் ஆசிரியராக எனக்குத் தெரியும்: யார் எதற்காகக் கணக்கெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பதிவேட்டின் பொருள் மாறும்.

சட்டத்தின் மற்றப் பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் அதன் இலக்கு விளங்கும். சாலையில் வண்டியை நிறுத்தும் காவலர் ஐயம் ஏற்பட்டால் குடியேற்ற ஆவணத்தைச் சோதிக்கவேண்டும். ஆவணமற்றவரோடு செய்த ஒப்பந்தங்கள் பலவற்றை நீதிமன்றம் ஏற்கக்கூடாது. குடிநீர் இணைப்புக்குக்கூடச் சில இடங்களில் ஆவணம் கேட்டார்கள். பள்ளி, தண்ணீர், வாடகை வீடு என்று சட்டம் கைவைத்த இடங்களெல்லாம் பெண்களின் அன்றாட உழைப்பு நடக்கும் இடங்கள். அடிக்கும் கணவனைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறவள், அதே காவலரிடம் தன் ஆவணத்தையும் காட்டவேண்டி வருமோ என்று அஞ்சித் திரும்பிவிடுவாள். இத்தனைக்கும், இது பெண்களுக்கு எதிரான சட்டம் என்று அன்றைய விவாதத்தில் சொன்னவர்கள் குறைவு.

அந்த வாரங்களில் பெற்றோர் பலர் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள். தாங்கள் கைதானால் பிள்ளைகளை அண்டை வீட்டார் அல்லது உறவினர் பொறுப்பில் விடும் அதிகாரப் பத்திரம் அது. தாய்மையைப் போற்றிப் பேசிய ஒரு மாநிலம், தாய்மார்களைத் தம் பிள்ளைகளை எழுதிக்கொடுக்க வைத்தது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஆவணமற்ற பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை மறுக்க வழிசெய்து 1975இல் டெக்சாஸ் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்த டைலர் நகர மெக்சிகக் குடும்பங்களில் சில, நீதிமன்றத்திலிருந்தே நாடு கடத்தப்படலாம் என்று எண்ணி, வண்டியில் உடைமைகளை ஏற்றிக்கொண்டு விசாரணைக்கு வந்தன. 1982இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. அலபாமாவின் பள்ளிப் பிரிவை வீழ்த்தியதும் அந்தத் தீர்ப்புதான். குடியேறிகளின் அமைப்புகளும், கிறித்தவ ஆயர்களும், ஒபாமா அரசும் வழக்குத் தொடுத்தனர். 2011 அக்டோபரில் பள்ளிப் பிரிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 2012இல் செல்லாதென்று தீர்ப்பானது. 2013இல் ஏற்பட்ட உடன்பாட்டோடு சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் பல நிரந்தரமாக முடங்கின.

இதே அலபாமாவின் பர்மிங்காமில் 1963 மே மாதம் ஆயிரக்கணக்கான கருப்பினப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறி, நிறவெறிக்கு எதிராக ஊர்வலம் போய்ச் சிறையும் சென்றார்கள். 2011இல் பிள்ளைகள் வகுப்பை விட்டது அச்சத்தால். இரண்டு வெற்றிடங்களையும் ஒரே பதிவேடு 'வரவில்லை' என்றே குறித்திருக்கும்.

நீதிமன்ற ஆவணங்களில் பிரிவு எண்கள் இருக்கின்றன. சமையலறை மேசைகளில் கையெழுத்தான அந்தத் தாள்கள் எந்த ஆவணக்காப்பகத்தில் இருக்கும்? குடியேற்றச் சட்டங்களின் வரலாற்றை நாம் அங்கிருந்து எழுதத் தொடங்கவேண்டும்.