எழுத்தாளர் மறைந்த பின் நூல்கள்

மறைந்தோரைப் பாடும் மரபு தமிழில் மிகப் பழையது. ஆனால் அந்த மரபில் அழுபவர்தான் புலவர். அழப்படுபவர் அரசர் அல்லது வள்ளல். பாரிக்காகக் கபிலரும் அதியமானுக்காக ஔவையாரும் பாடிய கையறுநிலைப் பாடல்கள் இத்தகையவை. புலவரையே நினைவுகூரும் இடங்கள் புறநானூற்றில் குறைவு. மாறோக்கத்து நப்பசலையார் கபிலரைப் போற்றிச் சொல்வது அந்தச் சிலவற்றுள் ஒன்று. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒரு புலவருக்கு அவர் காலத்துக்குப் பிறகு வாழ்வு உண்டா என்பது, அவருடைய ஏட்டை யாரேனும் படியெடுத்தார்களா என்பதைப் பொறுத்தே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது, புலவர் காலமானால் மாணவரும் நண்பரும் சரமகவி என்னும் இரங்கற்பா எழுதி அச்சிடும் வழக்கம் வேரூன்றியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவருக்கான முழுமையான நினைவுநூல் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மாணவர் உ.வே. சாமிநாதையர் எழுதிய ஆசிரியர் சரித்திரம் இரண்டு பாகங்களாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. இன்று பிள்ளையவர்களின் தலபுராணங்களைப் படிப்பவர்களைவிட இந்தச் சரித்திரத்தின் வழியே அவரை அறிந்தவர்களே அதிகம். சாமிநாதையரின் சொந்த வரலாறோ முடிவு பெறவில்லை. ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது; 1942 ஏப்ரலில் அவர் மறைந்ததும் பாதி வாழ்க்கையோடு நின்றுபோயிற்று. அது நூல்வடிவம் பெற்றது 1950இல். அவர் திரட்டிய சுவடிகளையும் நூல்களையும் காக்க, அவர் பெயரிலேயே 1943இல் சென்னையில் ஒரு நூல்நிலையம் நிறுவப்பட்டது.

மறைந்த எழுத்தாளரின் நூல்கள் யாருக்குச் சொந்தம், அவற்றை யார் அச்சிடலாம் என்ற கேள்வியைத் தமிழ்நாடு முதன்முதலில் தீவிரமாக எதிர்கொண்டது பாரதியை முன்னிட்டுத்தான். தம் எழுத்தை எல்லாம் நாற்பது நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் படி வீதம் அச்சிட வேண்டும் என்று 1920இல் பாரதி ஒரு திட்டம் தீட்டினார். நான்கு லட்சம் படிகள்! அதற்கு முதல் தேடி நண்பர்களுக்கு அறிக்கை அனுப்பி, கடனாகப் பணம் கேட்டார். எதிர்பார்த்த உதவி வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 38. இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்கள் சிலரே.

அவர் விட்டுச் சென்றவற்றில் பெரும்பகுதி அச்சேறாத கையெழுத்துப் படிகளும் பத்திரிகைப் பக்கங்களில் சிதறிக் கிடந்தவையும்தான். ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் 1912இல் வந்திருந்தது; துரியோதனன் சபையில் பாஞ்சாலி சபதம் செய்யும் இரண்டாம் பாகம் கவிஞர் இறந்த பிறகே, 1924இல், அச்சாயிற்று. தலைப்புக்குக் காரணமான அந்தக் காட்சியைப் பாரதி அச்சில் பார்க்கவே இல்லை என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது. ‘குயில் பாட்டு’ நூலானதும் அவர் மறைவுக்குப் பின், 1923இல்தான். எழுதி முடிக்கப்படாத ‘சந்திரிகையின் கதை’ அரைகுறையாகவே வெளியிடப்பட்டது.

இவற்றை நூலாக்கும் வேலையைத் தொடங்கியவர் பாரதியின் மனைவி செல்லம்மாள். கணவர் மறைந்த மறு ஆண்டே, சொந்தக்காரர்களின் துணையோடு ‘பாரதி ஆசிரமம்’ என்ற பெயரில் ‘சுதேச கீதங்க’ளை இரு பகுதிகளாக வெளியிட்டார். கையில் பணமில்லாத ஒரு கைம்பெண் பதிப்பாளராக நின்ற அந்தத் துணிவு உரிய அளவில் பேசப்படுவதில்லை. பிறகு பாரதியின் தம்பி சி. விசுவநாதனும் நண்பர்களும் நடத்திய பாரதி பிரசுராலயம் நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டது. 1928இல் பர்மா அரசு பாரதி பாடல்களுக்குத் தடை விதிக்க, அதையொட்டிச் சென்னை மாகாணத்திலும் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டன. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதைக் கண்டித்துப் பேசினார். தடை, பாரதியின் பெயரை அதுவரை கேளாதவர்களிடமும் கொண்டு சேர்த்தது.

நாடகமும் இசைத்தட்டும் பேசும்படமும் பாரதி பாடலைத் தேடத் தொடங்கியதும் உரிமை விலைப்பொருளாயிற்று. ஒலிப்பதிவு உரிமை கைமாறிப் பட அதிபர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. 1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது அது வழக்காக வெடித்தது. நாடு விடுதலை பெற்றுவிட்டது, விடுதலையைப் பாடிய கவிஞனின் பாட்டைப் பாட அனுமதி வேண்டுமா என்ற கேள்வி மேடைகளில் எழுந்தது. எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் அமைத்தார்கள், வ.ரா. அதில் முன்னின்றார். திருலோக சீதாராம் உள்ளிட்டோர் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாளைக் கண்டு ஒப்புதல் கேட்டார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு உரிமையைப் பெற்றது. மெய்யப்பன் தம் வசமிருந்த உரிமையைப் பணம் வாங்காமல் கொடுத்தார். செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் அரசு தொகை வழங்கியது. அரசே சில ஆண்டுகள் பதிப்பித்த பின், 1955இல் பாரதியின் நூல்கள் எவரும் அச்சிடலாம் என்ற நிலைக்கு வந்தன. ஓர் எழுத்தாளரின் உரிமையை அரசு விலைகொடுத்து வாங்கி மக்களுக்கே விட்டது அதற்கு முன் எங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. அன்றைய சட்டப்படி அந்த உரிமை 1971 வரை நீடித்திருக்கும்.

புதுமைப்பித்தனின் நூல்களுக்கு நேர்ந்தது வேறு. படவேலைக்காகப் புனே சென்றவர் காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார், வயது 42. மனைவி கமலா அம்மாளுக்கும் மகள் தினகரிக்கும் உதவ நண்பர்கள் நிதி திரட்டினார்கள். தொ.மு.சி. ரகுநாதன் எழுதிய ‘புதுமைப்பித்தன் வரலாறு’ 1951இல் வந்தது. நவீனத் தமிழ் எழுத்தாளர் ஒருவருக்கு இன்னொரு எழுத்தாளர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளில் அதற்கு இன்றும் தனியிடம் உண்டு. எனினும் கதைகள் பல பழைய இதழ்களிலேயே தங்கிவிட்டன. புனைபெயர்களில் எழுதியவை எவை, தழுவல்கள் எவை என்பதும் தெளிவாகவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தேடித் தொகுத்து 1998இல் ‘அன்னை இட்ட தீ’ என்ற தொகுதியையும், 2000இல் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ செம்பதிப்பையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு கதையும் முதலில் எந்த இதழில், எப்போது, எந்தப் பெயரில் வந்தது, பின்னர் என்ன மாறியது என்ற விவரங்களோடு அமைந்த பதிப்பு அது. எழுத்தாளர் மறைந்து ஐம்பது ஆண்டுக்குப் பிறகே அவருடைய கதைகளை எழுதப்பட்ட வரிசையில் படிக்க முடிந்தது.

தொடர்கதைக் காலம் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது ‘அமரதாரா’ நடுவில் நின்றது. வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்த கதை அது. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். சாகித்திய அகாதெமி 1956இல் கல்கியின் ‘அலை ஓசை’க்கும், 1969இல் பாரதிதாசனின் ‘பிசிராந்தையா’ருக்கும் பரிசளித்தபோது இருவருமே உயிரோடு இல்லை.

எழுதிய நூல்கள் மட்டுமல்ல, படித்த நூல்களும் எழுத்தாளர் விட்டுச் செல்பவையே. மறைமலையடிகள் 1950இல் மறைந்தார். அவர் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்களைச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை கலையாமல் காத்து, 1958இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகமாக்கினார். ஒருவர் எதையெல்லாம் படித்துத் தம் நடைக்கு வந்து சேர்ந்தார் என்பதை அறிய இத்தகைய நூலகமே சான்று. பல எழுத்தாளர்களின் சேகரங்கள் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்ச் சிதறிவிட்டன. அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

பாரதிக்குச் செய்ததை அரசு மற்றவர்களுக்கும் செய்ய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1991இல் பாரதிதாசன் நூல்களும் 1995இல் அண்ணாவின் நூல்களும் நாட்டுடைமையாயின. அதன் பிறகு அது ஆண்டுதோறும் வரும் அறிவிப்பாகவே மாறிவிட்டது. தமிழ் வளர்ச்சித் துறை மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை வழங்கும். அதன்பின் எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம். இப்போது பட்டியலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளனர். தாகூரின் நூல்களுக்கான உரிமை 1991இல் முடியவிருந்தபோது மத்திய அரசு பதிப்புரிமைக் காலத்தை ஐம்பதிலிருந்து அறுபது ஆண்டாக நீட்டியது. தாகூரின் விசுவபாரதிப் பல்கலைக்கழகம் உரிமையை இறுகப் பிடிக்க, தமிழ்நாடு அதைத் திறந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்க வேறுபாடு.

எல்லாக் குடும்பங்களும் இதை ஏற்றுக்கொண்டதில்லை. 2009இல் வெளியான அறிவிப்பில் இடம்பெற்ற சுந்தர ராமசாமி, கண்ணதாசன் ஆகியோரின் குடும்பத்தினர் மறுத்துவிட்டார்கள். நூல்கள் தடையின்றி விற்பனையாகிக்கொண்டிருக்கும்போது உரிமையைக் கைவிட அவர்களுக்குக் காரணம் இல்லை. நாட்டுடைமை உண்மையில் உதவுவது பதிப்பாளர் இல்லாமல் மறைந்துகொண்டிருந்த நூல்களுக்கே. அவற்றுள் பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன.

உரிமை நீங்கிய நூல் பெருகும். பிழையும் உடன் பெருகும். பாரதி கவிதைத் தொகுப்புகள் மலிவு விலையில் எண்ணற்றவை வந்தன; பலவற்றில் அடிகள் விடுபட்டன, தலைப்புகள் மாறின, ஒன்றில் புகுந்த பிழை அடுத்ததிலும் அப்படியே ஏறியது. இதைத் திருத்தும் வேலையைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் பாரதி பாடல்களின் ஆய்வுப் பதிப்பை வெளியிட்டுத் தொடங்கியது. சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளையே இதற்குக் கொடுத்து, பழைய இதழ்களைப் புரட்டி, பாரதி எழுதியவை அனைத்தையும் கால வரிசையில் தொகுத்தார். அதன் 23 தொகுதிகளும் 2024 டிசம்பர் 11ஆம் நாள், பாரதி பிறந்த நாளில், ஒன்றாக வெளியிடப்பட்டன.