எலும்புள்ள கார்

லைசென்ஸ் ராஜ்ஜிய காலத்தில் இந்திய நடுத்தர வர்க்கம் கனவு காண முடிந்த கார்கள் ஏறக்குறைய மூன்றுதான். வங்காளத்தின் உத்தர்பாராவில் பிறந்த அம்பாசிடர், பம்பாயில் பிறந்த ஃபியட், மூன்றாவதாக நம்மூர் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையை அடுத்த பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-இல் அதைத் தயாரிக்கத் தொடங்கியது.

முதல் இரண்டுக்கும் ஹெரால்டுக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் உண்டு. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் உடம்புதான் எலும்பு. தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்த கூடே பாரத்தைத் தாங்கும். ஹெரால்டில் அப்படியில்லை. லாரியைப் போல அடியில் தனியாக ஒரு சேஸ், அதன்மேல் போல்ட் போட்டு முறுக்கிய உடம்பு.

இதற்குப் பின்னால் இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு உடம்புத் தகடுகளைச் செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடம்பைச் செய்துதர ஆளில்லை. எனவே பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து, சேஸின் மேல் பூட்டிக்கொள்ளும்படி ஒரு காரை வடிவமைத்தார்கள். இத்தாலியர் ஜியோவான்னி மிக்கெலாட்டி உருவம் கொடுத்தார். 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தபோது, தனிச் சேஸ் என்பது பழைய காலத்துக்குத் திரும்பும் வேலை என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்பி வேற்று நாட்டில் பூட்டுவதற்கு அதைவிடத் தோதான கார் கிடையாது. கோவென்ட்ரியின் நெருக்கடிதான் சென்னைக்கு ஒரு கார் கொடுத்தது என்று சொல்லலாம்.

இங்கே அது தன் வழியில் வளர்ந்தது. 948 சி.சி. என்ஜின் அப்படியே இருக்க, இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டை 1960-களின் இறுதியில் நம்மவர்கள் செய்தார்கள். பிறகு கெஸல் என்ற பெயரில் 1977 வரை அதன் வாரிசு ஓடியது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. சில வருஷங்களில் கம்பெனியே நின்றுபோனது. ஆலை இருந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகம்.

எங்கள் பெரியப்பாவின் வண்டி 1969-இல் பதிவானது. இருபது வருஷத்துக்கு மேல் சதுரங்கப்பட்டினத்தில் அவரோடு இருந்து, பிறகு படாளம் வந்து, சர்க்கரை ஆலை ரோட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிற்கிறது. அவர் போன பிறகு முடிவெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கடலோரத்தில் நின்ற சேஸ் எப்படிச் சாகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஹெரால்டின் சேஸ் உள்ளே கூடான இரும்புப் பெட்டிக் குழல். நடுவே இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைபோல நீளும் தாங்கிகள். உப்புத் தூசு உள்ளே போனால் வெளியே வராது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழையில்லாத மாதத்திலும் உள்பக்கம் காயாது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பது. மடிப்புகளுக்குள் உப்பித் தகட்டையே பிளக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே ஒன்றும் இருக்காது.

செங்கல்பட்டிலிருந்து வந்த மேஸ்திரி சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்றது, கெட்ட இடத்தில் மொத்தென்றது. பின்பக்கத் தாங்கியில் திருப்புளியை வைத்து அழுத்தினார், பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. ஜாக்கி வைத்துத் தூக்கியபோது பின்கதவின் இடைவெளி கண்ணெதிரே மாறியது.

“சார், மேல பேட்ச் அடிச்சு, பட்டி போட்டு, வேஸ்ட் ஆயில் தடவிக் குடுத்துடலாம். ரெண்டு வருஷம் தெரியாது. ஆனா குடும்பத்த ஏத்திக்கிட்டுப் போவாதீங்க” என்றார்.

“சரியா செய்யணும்னா?”

“பாடியக் கழட்டணும் சார். அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் மாருதி வாங்கிடலாம்.”

புதுப்பேட்டையில் வேறொரு சேஸ் தேடலாம் என்றும் யோசனை வந்தது. அதில் சட்டச் சிக்கல் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் காருக்கு அடையாளம் சேஸ் எண். சேஸை மாற்றினால் காகிதத்தில் அது வேறு வண்டி. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வாகனம் ‘விண்டேஜ்’ தகுதி பெறலாம். ஆனால் சேஸ், உடம்பு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இருந்தது இருந்தபடி சரிசெய்வது வேறு, புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது வேறு.

இந்த இடத்தில் எனக்கு மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்தான் உதவியது. ஆயிரத்து முந்நூறு வருஷமாக அதே உப்புக் காற்று அந்தக் கருங்கல்லை அரிக்கிறது. தொல்லியல் துறை தேய்ந்த சிற்பங்களுக்குப் புது மூக்கு செதுக்கவில்லை. கடலைத் தடுக்கக் கல் போட்டது, காற்றைத் தடுக்கச் சவுக்கு வைத்தது, ஈரக் காகிதக் கூழைப் பூசிக் கல்லுக்குள் இருக்கும் உப்பை உறிஞ்சி எடுத்தது. காரணத்தை நிறுத்தாமல் காயத்தை மட்டும் மூடினால் பயனில்லை. பேட்ச் அடிப்பதில் உள்ள கோளாறும் அதுதான். உப்பை உள்ளே வைத்து மேலே பூட்டுகிறோம்.

பெரியம்மாவிடம் கேட்டேன். “ஓட்டறதா இருந்தா செய்யி. நிறுத்தி வெச்சுப் பாக்கறதுக்குன்னா அவர் போட்டோவே போதும்” என்றார்.

அந்தப் பேச்சுதான் அளவுகோலானது. ஓட்ட வேண்டுமென்றால் நடுச் சட்டங்கள் இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும். தாங்கிகளைத் தகடு வளைத்துப் புதிதாகச் செய்யலாம், தனிச் சேஸ் என்பதால் அது சாத்தியம். நடுச் சட்டமே போயிருந்தால் காயலான் கடைதான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மேஸ்திரி மறுபடி படுத்து, சட்டத்தை முன்னிருந்து பின்வரை தட்டினார். பின் அச்சுக்கு மேலே ஒரு சாண் தவிர மற்ற இடமெல்லாம் கணீரென்றது.

தை பிறந்ததும் உடம்பைக் கழட்டுகிறோம். முதல் வேலை வெல்டிங் இல்லை. குழல்களுக்குள் நல்ல தண்ணீர் விட்டு, உப்புப் போகும்வரை கழுவி, வெயிலில் காயவைப்பது.