குழாயும் வரைபடமும்

மண்ணுக்கடியில் ஓடும் குழாய் கண்ணுக்குப் புலனாகாது. எக்குழாய் எவ்வீட்டிற்குச் செல்கிறது என்னும் பதிவு இல்லையேல் உண்மையை அறிவது எத்துணை அரிது என்பதை 1854ஆம் ஆண்டின் இலண்டன் காட்டும்.

அவ்வாண்டு அங்கே வாந்திபேதி பரவியது. தென் இலண்டனில் இரு நிறுவனங்களின் குழாய்கள் ஒரே தெருவில் ஓடின. லாம்பெத் நிறுவனம் 1852இலேயே நீரெடுக்கும் இடத்தைத் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் நிறுவனமோ கழிவுநீர் கலந்த கீழ்ப்பகுதியிலேயே எடுத்து வந்தது. தம் வீட்டுக்கு வருவது எவர் நீர் என்பதைக் குடியிருந்தோரிற் பலர் அறியார். மருத்துவர் ஜான் ஸ்னோ வீடு வீடாக வினவினார். விடை கிடைக்காத இடத்தில் வெள்ளி நைட்ரேட் கொண்டு நீரின் உப்பைச் சோதித்துத் தெளிந்தார். முதல் ஏழு வாரங்களில், 10,000 வீடுகளுக்கு லாம்பெத் நீர் பருகியோரில் 37 பேரும், மற்றதைப் பருகியோரில் 315 பேரும் மாண்டிருந்தனர்.

1960களில் கனடாவின் நிலவளத்தைக் கணக்கிட ரோஜர் டாம்லின்சன் வரைபடத்தையும் விவரப் பதிவையும் கணினியில் இணைத்தார். இவ்வாறு தோன்றிய புவியியல் தகவல் முறை பின்னர் நீர்க்குழாய்களுக்கும் பயன்படலாயிற்று. குழாயின் விட்டம், புதைத்த ஆண்டு, வால்வு, வீட்டிணைப்பு யாவும் அதில் அடுக்கடுக்காய் அமைகின்றன. குழாய் உடைந்தால் மூடவேண்டிய வால்வையும், நீரிழக்கும் வீடுகளையும் அது உடனே காட்டும்.

ஆயினும் பதிவு பிழையெனில் கணினியும் பிழையே காட்டும். தெருவில் இறங்கி மெய் காணும் ஸ்னோவின் உழைப்பு இன்றும் வேண்டுவதே.