இணைவு உலைகளில் அகச்சிவப்பு வெப்ப அளவீடு

இணைவு உலையின் மையத்தில் பிளாஸ்மாவை 15 கோடி டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டியிருக்கிறது. காந்தப்புலம் அதைச் சுவரில் படவிடாமல் பிடித்து வைத்தாலும், விளிம்பில் கசியும் வெப்பம் ‘டைவர்ட்டர்’ என்னும் கவசத்தின் மேல் வந்து இறங்கும். பிரான்சின் கதராஷில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் உலையில் இந்தக் கவசம் சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பத்தைத் தொடர்ந்து தாங்க வேண்டும். சிறிது நேரத்துக்கு 20 மெகாவாட் வரைகூட. கவசத்தின் டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்பே அதன் படிக அமைப்பு மாறி, உலோகம் வலுவிழந்துவிடும்.

கவசத்தின் ஓடுகளுக்குள் பதித்த தெர்மோகப்பிள்கள் என்னும் வெப்ப உணரிகள் சில புள்ளிகளையே அறியும்; அவை மேற்பரப்பின் திடீர்ச் சூட்டை உணரத் தாமதமாகும். அகச்சிவப்புக் கேமரா பரப்பு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும். இணைவில் வெளிப்படும் நியூட்ரான்கள் மின்னணுச் சாதனங்களைக் கெடுத்துவிடும் என்பதால், பெரிய உலைகளில் ஒளியை ஆடிகளால் திருப்பித் திருப்பி, பாதுகாப்பான இடத்திலுள்ள கேமராவுக்குக் கொண்டுசெல்கிறார்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். கேமராவுக்குக் கிடைப்பது கதிர்வீச்சு மட்டுமே. அதை வெப்பநிலையாக மாற்ற, பரப்பின் உமிழ்திறன், அதாவது அது எவ்வளவு நன்றாகக் கதிர்வீசும் என்பது, தெரிய வேண்டும். கரி ஓடுகள் நன்றாகக் கதிர்வீசுபவை. அவை இருந்தவரை கணக்கு எளிதாக இருந்தது. இங்கிலாந்தின் கல்ஹாமில் இயங்கிய ஜெட் உலை 2011இல் பெரிலியம், டங்ஸ்டன் சுவருக்கு மாறியது. துலக்கிய உலோகம் குறைவாக உமிழும், நிறையப் பிரதிபலிக்கும். துலக்கிய பித்தளைக் குடத்தில் பக்கத்து விளக்கின் சுடர் தெரிவதுபோல, எங்கோ இருக்கும் சூடான பகுதியின் ஒளி குளிர்ந்த ஓட்டின் மேல் தெரியும். அதை உண்மை என்று நம்பினால் வீணாக உலையை நிறுத்த நேரிடும். பிரதிபலிப்பு என்று ஒதுக்கியது உண்மையான சூடாக இருந்துவிட்டால் சேதம். பெரிலியம் 1,287 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் அந்தச் சேதம் சிறியதாக இருக்காது.

உமிழ்திறனும் நிலையானதல்ல. பிளாஸ்மா ஓரிடத்தில் அரித்து இன்னோரிடத்தில் படியவைப்பதால், ஒரே ஓட்டின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு அளவில் கதிர்வீசும். சரியாக ஒட்டாத மெல்லிய படிவு நொடிக்குள் சூடேறிப் பளிச்சிடும். அடியிலுள்ள உலோகமோ அவ்வளவு சூடாகியிருக்காது.

ஆகவே பிளாஸ்மா இல்லாத வேளையில் உலைக் கலத்தைத் தெரிந்த வெப்பநிலைக்குச் சூடேற்றி உமிழ்திறனைக் கணிக்கிறார்கள். கலத்துக்குள் ஒளிக்கதிர்கள் எப்படி எதிரொளிக்கும் என்பதைக் கணினியில் பின்தொடர்ந்து, போலிச் சூட்டைப் பிரித்தெடுக்கிறார்கள். கதராஷிலேயே உள்ள வெஸ்ட் என்னும் டங்ஸ்டன் சுவர் கொண்ட உலை இம்முறைகளுக்குச் சிறந்த களம்: 2025 பிப்ரவரியில் அது 1,337 நொடிகள் பிளாஸ்மாவைத் தக்கவைத்தது. சுவர் இவ்வளவு நேரம் வெப்பத்தைத் தாங்கும்போது, அதைக் கண்காணிக்கும் கேமராவின் கணிப்பும் இறுதிவரை பிசகாமல் இருக்க வேண்டும்.