சிங்காரத்தோப்பும் லிபர்ட்டி சிறையும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழரை அயலார் ‘பாண்டி’ என்று சுட்டுவது உண்டு. அவரே மும்பைக்குச் செல்வாராயின் அங்கு ‘மதராசி’ ஆகிவிடுவார். மதுரையிலிருந்து வந்தவரா, ஆரல்வாய்மொழிக்கு இப்பால் பிறந்தவரா, திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்த குடும்பத்தவரா என்னும் வேறுபாடு எதுவும் அச்சொற்களில் அடங்குவதில்லை. பிறர் இட்ட பெயரோடு வாழ்வது எத்தகையது என்பதைப் பிற மாநிலத் தமிழராகிய நாம் நன்கு அறிவோம். அவ்வறிவைத் துணையாகக் கொண்டே, பிறர் இட்ட பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட ஒரு சமயத்தாரை இப்பேச்சில் காண முற்படுகின்றோம். அவர்கள் மார்மன் சமயத்தார்.

வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து இருவர் இருவராகச் செல்லும் அவர்தம் இளந்தொண்டர்களைப் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வாழும் அன்பர்கள் கண்டிருக்கலாம். அவர்களைக் காணும் இந்து ஒருவர்க்கு எழும் முதல் வினா, ‘இவர்கள் கிறிஸ்தவர்களா?’ என்பதாகும். ‘ஆம்’ என்பர் அவர்கள்; ‘அல்லர்’ என்பர் பிற திருச்சபையார் பலர். இவ்வழக்கினுள் புக விரும்பாத நம்மவர், ‘எல்லா ஆறும் கடலைத்தானே சேர்கின்றன’ என்று கூறி நகர்ந்துவிடுவது வழக்கம். இது பெருந்தன்மையாகத் தோன்றும். ஆயினும் எதிரில் நிற்பவர் சொல்ல வந்ததைக் கேளாமலே விடையனுப்பும் முறையாகவும் இஃது ஆகிவிடக்கூடும். மார்மன் சமயத்தை அளந்து நோக்குவதற்கு இதனினும் நல்ல அளவுகோல் ஒன்று திருவனந்தபுரத்தின் வரலாற்றிலேயே உள்ளது.

1838ஆம் ஆண்டின் இறுதியில், சுவாதித் திருநாள் அரசராக வீற்றிருந்த காலத்தில், தென் திருவிதாங்கூரைச் சார்ந்த சாமிதோப்பிலிருந்து ஒருவர் சிறைப்படுத்தப்பட்டுத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டார். அவரே அய்யா வைகுண்டர். சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் அவர் அடைபட்டிருந்தார் என்பது அவர்தம் அன்பர் மரபு. அதே குளிர்காலத்தில், 1838ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தம் தோழர் சிலருடன் லிபர்ட்டி என்னும் சிற்றூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். மார்மன் சமயத்தை நிறுவியவர் இவரே. 1839ஆம் ஆண்டு ஏப்ரல் வரை அவ்விருட்டறையில் அவர் கிடந்தார். லிபர்ட்டி என்பதற்கு விடுதலை என்பது பொருள். சிங்காரத்தோப்போ அழகிய சோலையை நினைவூட்டுவது. சிறைகளுக்கு இவ்வாறு பெயர் வாய்த்ததை எண்ணி நகைப்பதா, இரங்குவதா என்று தெரியவில்லை.

ஒருவரை ஒருவர் கேள்வியுற்றும் அறியாத இவ்விருவர்க்கும் அகவையில் நான்காண்டு அளவே வேறுபாடு. ஸ்மித் 1805இல் பிறந்தவர், உழவர் குடியினர், பள்ளிக்கல்வி மிகுதியும் பெறாதவர். நியூயார்க் மாநிலத்துக் குன்று ஒன்றில் புதைந்திருந்த பொன்னேடுகளை வானவர் ஒருவர் தமக்குக் காட்டினார் என்றும், அவற்றை இறையருளால் மொழிபெயர்த்தோம் என்றும் அவர் அறிவித்தார். 1830இல் அச்சேறிய அந்நூலே மார்மன் நூல். அவ்வாண்டு ஏப்ரல் திங்களிலேயே திருச்சபையும் நிறுவப்பட்டது. மார்மன் என்பது அவ்வேடுகளைத் தொகுத்தவராக அந்நூல் கூறும் தீர்க்கதரிசியின் பெயர். அதனை எடுத்து அச்சமயத்தார்க்குப் பட்டப்பெயராகச் சூட்டியவர்கள் அவர்தம் பகைவர்கள். தம் முழுப்பெயராகிய ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பதனையே வழங்குமாறு 2018இல் அச்சபை உலகோரைக் கேட்டுக்கொண்டது.

வைகுண்டரின் வரலாறும் பெயரில்தான் தொடங்குகின்றது. 1809இல் பிறந்த அக்குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்துப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதியார் தடுத்தமையால் முத்துக்குட்டி என்று அது மாற்றப்பட்டதாம். பிணியுற்ற முத்துக்குட்டி 1833ஆம் ஆண்டு மாசித் திங்களில் திருச்செந்தூருக்குச் சென்று கடலுள் இறங்கினார். கரையேறியபோது நாராயணரின் அவதாரமாகிய வைகுண்டராக எழுந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அமெரிக்கர்க்குக் குன்று தந்ததை நம்மவர்க்குக் கடல் தந்தது எனலாம்.

வைகுண்டர் செய்தவை யாவை? பல சாதியாரையும் ஒரே கிணற்றில் நீராடச் செய்தார். ஒரே பந்தியில் அமர்த்தி உண்பித்தார். ஆடவரைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். ஊழியமும் வரிகளும் எளியோரை நெரித்த நாளில், பெண்டிர் மேலாடை அணிவதே குற்றமாகக் கருதப்பட்ட நாட்டில், இவை சிறு செயல்கள் அல்ல. தம் குலத்தாரோடு மட்டும் பழகுவதாக எழுதித் தந்தால் விடுவிப்போம் என்று அரசர் தரப்பில் சொல்லப்பட்டபோது அவர் அதற்கு இசையவில்லை என்று மரபு கூறும். 1841இல் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை அவ்வழியினர்க்கு மறைநூல் ஆயிற்று. ஏட்டில் இருந்த அது 1939இல்தான் அச்சு வடிவம் பெற்றது.

புதுமறை, புதுப்பெயர், சிறை என இவ்வளவும் ஒத்திருப்பினும் முடிவு ஒத்திலது. வைகுண்டர் விடுதலை பெற்று ஊர் திரும்பி 1851 வரை வாழ்ந்தார். ஸ்மித்தோ 1844ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் இல்லினாய் மாநிலத்துச் சிறை ஒன்றில் மீண்டும் அடைபட்டிருந்தபோது, உட்புகுந்த கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் பிரிகாம் யங் என்பார் தலைமையில் அம்மக்கள் மேற்கு நோக்கிப் பெயர்ந்து 1847இல் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர்.

அங்கிருந்து புறப்பட்டவர்களே 1853ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னை வந்து இறங்கினர். ரிச்சர்டு பாலண்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் என்னும் இருவர் அவருள் குறிப்பிடத்தக்கவர். அவர்களுக்குச் செவிசாய்த்தவர் மிகச் சிலரே. அவரிலும் ஐரோப்பியரே பெரும்பாலோர். ஆடவர் பல மனைவியரை மணக்கலாம் என்னும் கொள்கையை முந்திய ஆண்டிலேயே அச்சபை வெளிப்படையாக அறிவித்திருந்தமையால் சென்னை வெள்ளையர் வீடுகளின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. ஓராண்டு கழிந்ததும் பாலண்டைன் தாயகம் திரும்பினார். பலதார மணத்தை அச்சபை 1890இல் கைவிடுவதாக அறிவித்தது. இன்று அவ்வாறு மணப்போரைச் சபையினின்றே விலக்குகின்றது. இந்தியாவில் அவர்தம் முதற் கோயிலுக்குப் பெங்களூரில் 2020ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்றது.

இனி, கொள்கையை நோக்குவோம். சைவ சித்தாந்தம் பயின்ற ஒருவர் ஸ்மித்தின் உபதேசங்களைப் படிப்பாராயின் சில இடங்களில் வியப்புறுவார். உயிரின் மூலமாகிய அறிவு படைக்கப்பட்டது அன்று என்கின்றார் ஸ்மித். இல்லது தோன்றாது என்பதைப் போலவே, இறைவன் சூனியத்திலிருந்து உலகை ஆக்கவில்லை என்றும் அவர் கூறுகின்றார். பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதி என்று கற்ற நமக்கு இது பழகிய குரலாகவே ஒலிக்கும். வானுலகத் தந்தையோடு வானுலகத் தாயும் உண்டு என்பது அவர்தம் கொள்கை. நாம் உடனே அம்மையப்பரை நினைக்கின்றோம். கள்ளையும் புகையிலையையும் அவர்கள் விலக்குவதை நம்மவர் பாராட்டுவர். தேநீரையும் காப்பியையும் கூட அவர்கள் விலக்குகின்றனர் என்று அறிந்ததும் ஒப்புமையை அவ்வளவோடு நிறுத்திக்கொள்வர்!

ஆனால், வானுலகத் தாயை அவர்கள் வழிபடுவதில்லை. அவர்தம் இறைவன் தசையும் எலும்பும் உடைய மேனியன். அருவமும் உருவமும் கடந்த பொருள் அல்லன். மனிதர் அவனைப் போன்று உயரலாம். எனினும் அவனோடு இரண்டறக் கலத்தல் என்னும் பேச்சு அங்கு இல்லை. மண்ணில் வாழ்வு ஒருமுறையே. வினைக்கு ஈடாக மீண்டும் பிறத்தல் கிடையாது. மறுபிறப்பை நீக்கிவிட்டு நோக்கினால் நம் சமயத்தில் எஞ்சுவது என்ன என்று எண்ணினால் வேறுபாட்டின் ஆழம் புலப்படும்.

இறந்தோர் பொருட்டு அவர்கள் ஆற்றும் சடங்கே நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது. கர்க்கடக அமாவாசையன்று திருவல்லத்திலும் சங்குமுகம் கடற்கரையிலும் பலியிடக் கூடும் மக்கள் வெள்ளத்தில் தமிழரும் கலந்து நிற்பர். அதே நாள் நமக்கு ஆடி அமாவாசை. எள்ளும் நீரும் பிண்டமும் இட்டு முன்னோரைப் பேணுவது நம் கடன். மார்மன் சமயத்தாரும் முன்னோரை மறவாதவர்கள். குலவரலாற்று ஏடுகளைத் தொகுப்பதற்கென்றே 1894இல் ஒரு கழகம் கண்டவர்கள். இறந்த முன்னோர்க்காக உயிரோடிருப்பவர் ஒருவர் நீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறும் வழக்கத்தை ஸ்மித் 1840இல் தொடங்கிவைத்தார். முதலில் அது மிசிசிப்பி ஆற்றில் நிகழ்ந்தது. இன்று அவர்தம் கோயில்களில் உள்ள ஞானஸ்நானத் தொட்டியைப் பன்னிரு காளை உருவங்கள் தாங்கி நிற்கின்றன. நந்தியைக் கண்டு பழகிய கண்ணுக்கு இதுவும் உறவாகவே தோன்றும். அவர்களோ சாலமோன் மன்னரின் பழங்கோயிலை எண்ணி அவற்றை அமைத்தவர்கள்.

இவ்விடத்தில்தான் ஒப்புமை நம்மை ஏமாற்றுகின்றது. நாம் முன்னோர்க்கு உணவளிக்கின்றோம்; அவர் எந்நெறியில் வாழ்ந்தாரோ அந்நெறியிலேயே அவரை விட்டுவிடுகின்றோம். மார்மன் சடங்கோ அவர்க்குப் புதியதொரு நெறியை ஈய விழைகின்றது. ஏற்பதும் மறுப்பதும் அவ்வுயிரின் விருப்பம் என்று அவர்கள் விளக்குவர். காந்தியடிகளின் பெயராலும் இச்சடங்கு நடந்ததாக 2012இல் செய்தி வெளிவந்தபோது அமெரிக்காவில் வாழும் இந்துக்கள் சிலர் விளக்கம் கேட்டனர். தம் சொந்த முன்னோரின் பெயரையே தருதல் வேண்டும் என்பது அச்சபையின் விதி. அன்பினாலேயே செய்யப்பட்டதாயினும், வாய்திறந்து மறுக்க இயலாத ஒருவரின் பெயரை எடுத்தாளும் உரிமை யார்க்கு உண்டு என்று கேட்பது முறையே என்பது எம் கருத்து.

மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. கறுப்பின ஆடவர்க்குக் குருத்துவம் இல்லை என்னும் தடை 1852இல் பிரிகாம் யங்கால் அறிவிக்கப்பட்டு 1978 வரை அச்சபையில் நீடித்தது. இதனைக் கண்டித்துரைக்கும் முன்னர், திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியானது 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாளில்தான் என்பதை நாம் நினைத்துக்கொள்வது நன்று. அதற்கு நூறாண்டு முன்னரே வைகுண்டரின் கிணற்றடியில் பல சாதியாரும் நீராடியிருந்தனர்.

ஆண்டுதோறும் மாசி 19ஆம் நாள், சிங்காரத்தோப்பினின்று அவர் விடுதலையுற்றதை நினைந்து, திருவனந்தபுரத்திலிருந்து ஊர்வலம் ஒன்று புறப்பட்டு நாகர்கோவிலை அடைகின்றது. திருச்செந்தூரிலிருந்து வரும் ஊர்வலமும் அங்கு வந்து சேர, மறுநாள் யாவரும் சாமிதோப்புக்குச் செல்கின்றனர். மக்கள்தொகைக் கணக்கில் அவருள் பெரும்பாலோர் இந்துக்கள் என்றே பதியப்பெறுகின்றனர். தம் வழி தனிச்சமயம் என்று வாதிடுவோரும் அவர்களிடையே உளர்.